கடைசிக் காட்சியில் அழுதேன்!

"மாப்ளே, உன் படம் வரமாட்டேங்குதே?"

அக்கா வீட்டுக்காரர்தான். காலையிலும் இதையே கேட்டார். புது டைரக்டருக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது.

"எப்படி அத்தான் வராம போகும்? நேத்தே நெட்ல ஏத்திட்டேன். நான் அனுப்பின லிங்க்கைத் தொடுங்க, வரும்."

"தொட்டேன்டா. கறுப்பா ஒரு கட்டம் வருது. நடுவுல பூட்டு மாதிரி ஒண்ணு. உன் ஹீரோ பூட்டு ரிப்பேர் பண்றவனா?"

"என் போன்ல அருமையா ஓடுது அத்தான். உங்க போன் பழசு. அதை முதல்ல மாத்துங்க."

டயர் கடை வைத்திருக்கும் அத்தானுக்கு இதற்கு மேல் எப்படி விளக்குவது? சண்டை இல்லாத காட்சியை இடைவேளை என்று நினைக்கிற மனுஷன். இத்தனைக்கும் அவர் வீட்டுச் சமையலறையைப் போலீஸ் ஸ்டேஷனாக்கி, படுக்கையறையை ஆஸ்பத்திரியாக்கி எடுத்த படம் அது. ஒரு காட்சியில் அவரே பிணமாக நடித்து, நடுவில் தும்மியும் தொலைத்தார்.

இப்போது டைரக்டரின் உயிர் வெள்ளிக்கிழமையில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆன்லைனில் படம் காட்டும் கம்பெனி மேடம் வாக்குக் கொடுத்திருந்தார். "நீங்களே இலவசமா வெளியிடுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள ஜனங்க நிஜமாவே பார்க்கறாங்கன்னு தெரிஞ்சா, நாங்க எடுத்துக்கறோம்."

எடுத்துக்கொண்டால் அவன் டைரக்டர். இல்லாவிட்டால் அத்தான் கடையில் டயருக்குக் காற்றடிக்க வேண்டியதுதான்.

அதனால் அவன் லிங்க் அனுப்பாத ஆள் பாக்கியில்லை. பல் டாக்டர், பழைய வீட்டு ஓனர், கோபித்துக்கொண்டு பேச்சை நிறுத்திய சித்தப்பா, எல்லாருக்கும் போனது. கூடவே ஒரு வேண்டுகோளும்: "முதல்ல ஷேர் பண்ணுங்க. அப்புறமா பாருங்க."

ஷேர் பிய்த்துக்கொண்டு போனது. பாராட்டு கொட்டியது.

"பின்னிட்டே தம்பி!"

"இரண்டாம் பாதியில சீட் நுனிக்கு வந்துட்டேன்!"

எல்லாவற்றுக்கும் மேலே, அவனைப் போலவே குறைந்த செலவில் படம் எடுக்கும் நண்பன் ஒரு பெரிய பதிவே போட்டிருந்தான். 'கடைசிக் காட்சியில் அழுதேன். மனைவி தோளில் சாய்ந்து அழுதேன். இனி சினிமா இவன் கையில்.'

அதைப் படித்து டைரக்டரும் அழுதான். எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்குப் பக்கம் மட்டும் அவன் போகவே இல்லை. பார்த்தால் கண் பட்டுவிடுமாம்.

வியாழக்கிழமை அத்தான் மறுபடியும் கூப்பிட்டார்.

"மாப்ளே, புது போன் வாங்கிட்டேன்டா. இதுலயும் அதே பூட்டுதான் வருது."

"அத்தான், ஊரே பார்த்துட்டு அழுவுது. உங்களுக்கு மட்டும் வரலேன்னா கோளாறு படத்துல இல்ல, உங்க ரசனையில. டயரைப் பாருங்க, போதும்."



"சரிடா," என்று வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை மேடம் கூப்பிட்டார். டைரக்டர் எழுந்து நின்று பேசினான்.

"என்ன சார் இப்படிப் பண்ணிட்டீங்க? ஏத்தும்போது 'எனக்கு மட்டும்'னு போட்டிருக்கீங்க. படம் இந்த வாரம் பூராவும் பூட்டிதான் கிடந்திருக்கு. உங்களைத் தவிர யாராலயும் திறந்திருக்க முடியாது."

"மேடம்... இதோ, இப்பவே திறந்துடறேன்!"

"மீட்டிங் முடிஞ்சிருச்சு சார். இனி ஒண்ணும் பண்ண முடியாது. அடுத்த படம் எடுத்தா வாங்க."

டைரக்டர் அப்படியே உட்கார்ந்துவிட்டான். பார்க்க முயற்சி பண்ணினது ஒரே ஒரு ஆள். அதுவும் புது போன் வாங்கி. அவரைத்தான் டயரைப் பார்க்கச் சொல்லியிருக்கிறான். நினைக்க நினைக்க வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதைவிட யார் மேலாவது பாய்வது சுலபம் இல்லையா? நண்பனுக்குப் போன் போட்டான்.

"ஏன்டா, பூட்டிக் கிடந்த படத்துல எந்தக் கடைசிக் காட்சியைப் பார்த்துடா அழுதே?"

"ஓ... பூட்டியா இருந்துச்சு?"

"வெட்கமா இல்ல? 'திறக்கலடா'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் பொழப்பு தப்பிச்சிருக்கும்! பார்க்காமயே பாராட்டறது பச்சைப் பித்தலாட்டம்டா. நீயெல்லாம் ஒரு கலைஞனா?"

நண்பன் நிதானமாகக் கொட்டாவி விட்டான்.

"முடிச்சிட்டியா? போன மாசம் என் படத்தைப் பத்தி நீ என்ன எழுதினே?"

"'ஒவ்வொரு ஃப்ரேமும் கவிதை'ன்னு எழுதினேன். மனசுல பட்டதை எழுதினேன்! அதுக்கென்ன இப்போ?"

"ஒண்ணுமில்ல. அன்னிக்கு அவசரத்துல உனக்குத் தப்பான லிங்க்கை அனுப்பிட்டேன். நீ உருகி உருகி எழுதினது, எங்க மொட்டைமாடித் தண்ணித் தொட்டியை ஆள் வெச்சுக் கழுவின வீடியோடா!"