முதல் பக்கத்துத் தில்லைநாயகம்

“மன்றத்துக்கு எம் பேருதான். அதை மட்டும் மாத்தச் சொல்லாதிய தம்பி” என்று மறுபடியும் சொன்னார் தில்லைநாயகம் அண்ணாச்சி. மகேஷுக்குக் கொட்டாவி வந்தது.

இணையதளங்களைக் கூகுள் தேடலில் மேலே கொண்டுவருவது மகேஷின் பிழைப்பு. பாளையங்கோட்டையில் ஒரு மாடி அறை, இரண்டு கம்ப்யூட்டர், ஓயாத முதுகுவலி. சர்க்கார் வேலையில் இருந்து ரிட்டயரான அண்ணாச்சி முக்கூடலிலிருந்து தேடி வந்து, பட்டா முதல் வாழை நோய் வரை ஊர்க்காரர்கள் கேட்டுப் பேசிக்கொள்ள இணையத்தில் ஒரு மன்றம் வேண்டும் என்றபோது, நல்ல காரியம் என்றுதான் அவன் நினைத்தான்.

பிறகுதான் தெரிந்தது, மனிதருக்குப் பேர்ப் பைத்தியம். வாழை நோயைப் பற்றித் தேடுகிறவன் கண்ணில் மன்றம் படாவிட்டால் பரவாயில்லையாம். ‘தில்லைநாயகம்’ என்று தேடினால் பட வேண்டுமாம். உங்கள் பேரை யார் தேடப் போகிறார்கள் என்று கேட்டால், “தேடுவாங்க. தைக்குள்ள முதல் பக்கம் பூரா நம்ம மன்றமா இருக்கணும்” என்பார்.

திருநெல்வேலியில் தில்லைநாயகத்துக்கா பஞ்சம்? தேடினால் ஒரு பல் டாக்டர், ஒரு பாத்திரக்கடை, எப்போதோ லஞ்சக் கேசில் பிடிபட்ட ஓர் அதிகாரி என்று வரிசையாக வந்தார்கள். அத்தனை பேரையும் தாண்டுவதற்குள் மகேஷுக்கு நாக்குத் தள்ளிவிட்டது. மன்றத்துக்கென்று ஃபேஸ்புக், யூடியூப் எல்லாம் திறந்து, தலைப்புக்குத் தலைப்பு அந்தப் பேரைப் போட்டான். கேள்விகளையும் அண்ணாச்சியே கேட்டு, பதிலையும் அவரே எழுதினார்.

பஸ்ஸைவிட்டு இறங்கி மாடியேறி வந்ததும், “எங்கன நிக்கு?” என்பார். முதல் இடம் என்று சொன்னாலும் முகம் மலராது. “கீழ யார் யாரு இருக்கா?” என்று கேட்பார். ஆசைக்கும் ஓர் அளவு வேண்டாமா என்று மகேஷுக்கு எரிச்சலாக இருக்கும்.

மார்கழிக் கடைசியில் ஒருவழியாக அது நடந்தது. “டாக்டரு, பாத்திரக்கடை, லஞ்சக்காரரு எல்லாரும் ரெண்டாவது பக்கத்துக்குப் போயாச்சு அண்ணாச்சி. இனிம நீங்க ஒருத்தர்தான் தில்லைநாயகம்” என்றான் மகேஷ், அலுப்பும் கிண்டலுமாக.

அண்ணாச்சி திரையில் விரலை வைத்து மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு வரியாக வாசித்தார். பிறகு நாற்காலியில் அப்படியே சாய்ந்து கண்களை மூடிக்கொண்டார். பல மாதமாகத் தூங்காத களைப்பு அந்த முகத்தில் தெரிந்தது.

மன்றத்தில் இன்னும் நாம் இரண்டு பேர்தான் இருக்கிறோம், இனியாவது நாலு பேரைச் சேர்க்க வேண்டாமா என்று மகேஷ் கேட்டான். அது அவர் காதில் ஏறவே இல்லை.

கண்ணைத் திறக்காமலே பைய அவர் கேட்டார்.

“எம் மகளைப் பொண்ணு பாக்க வாறவங்க, ரெண்டாவது பக்கத்தைத் தட்டிப் பாக்க மாட்டாங்கள்லா தம்பி?”