டேக் வாங்குகிற நடிகை

"டைரக்டர் எப்படி மேடம்?"

"தங்கமான மனுஷன். ஆனா கையில மைக்கை மட்டும் குடுத்துடாதீங்க. அடுத்த தெருவுல தூங்குற குழந்தையும் எழுந்து அழும்!"

செட்டின் பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றிருந்த டைரக்டருக்குக் காது சூடேறியது. அந்தப் பக்கம் உட்கார்ந்து நிருபருக்குப் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தாள் அவருடைய கதாநாயகி.

"வசனகர்த்தா?"

"மூச்சு விட இடம் வைக்காம எழுதுவாரு. ஆனா பேசிப் பார்த்தா நம்ம வீட்டுல நடந்த சண்டை மாதிரியே இருக்கும்."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்! டைரக்டர் பல்லைக் கடித்தார். வீட்டை விற்கத் துணிந்த அப்பாவை மகள் தடுக்கிற காட்சி. காலையிலிருந்து அதே காட்சிதான் ஓடுகிறது. அப்பாவாக நடிக்கும் பெரியவர் பேசி முடிப்பதற்குள் இவள் முந்திக்கொள்கிறாள், டேக் வீணாகிறது.

"அப்பாவா நடிக்கிற பெரியவர்?"

"அவர் முன்னாடி நின்னாலே எனக்குப் படபடன்னு வந்துடுது. நானும்தான் டேக் மேல டேக் வாங்குறேன், ஒரு தடவை முகம் சுளிச்சிருப்பாரா? அந்தப் பொறுமை யாருக்கு வரும்!"

தெரிகிறதல்லவா, அப்புறம் என்ன கேடு என்று நினைத்தபோது டைரக்டரின் செல்போன் அடித்தது. தயாரிப்பாளர்.

"என்னய்யா, இன்னும் அந்த ஒரு சீனையே மென்னுக்கிட்டு இருக்கியாமே?"

"ஹீரோயின் சொதப்புறாங்க சார்."

"அப்ப மாத்திடு. வேற பொண்ணு ரெடியா இருக்கு. சாயங்காலத்துக்குள்ள முடிவு சொல்லு. உனக்கு இது முதல் படம், இதையே கடைசிப் படமா ஆக்கிக்காதே."

மறுபடி டேக். பெரியவர் பேச ஆரம்பித்தார். பாதியில் நிறுத்தி, மனசை உருக்குகிற மாதிரி ஒரு இடைவெளி விட்டார். டைரக்டர் மெய்மறந்து கேட்டுக்கொண்டிருக்க,

"ஐயோ, சாரி! நான் முந்திட்டேன்!"

"கட்! ஏம்மா, பெரியவரை ஒரு வார்த்தை முழுசாப் பேச விடமாட்டியா?"

"சாரி சார். அடுத்த டேக்ல சரியாப் பண்ணிடுறேன்." நாக்கைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு வேறயா!

இனிப் பொறுப்பதற்கில்லை. டைரக்டர் கேமராமேனிடம் போனார். இவ்வளவு நேரமும் டைரக்டர் கண் வைத்திருந்தது நாயகியைக் காட்டும் மானிட்டரில்தான்.

"பெரியவர் பக்கம் இருந்த கேமராவுல எடுத்ததையெல்லாம் போடுங்க. அவர் எப்படி நடிச்சிருக்கார், இந்தப் பொண்ணு எப்படிக் கெடுத்திருக்குன்னு தயாரிப்பாளருக்கு அனுப்பணும்."

திரையில் பெரியவர் முகம் வந்தது. பேசினார், நிறுத்தினார். கண்கள் அங்குமிங்கும் எதையோ தேடின. உதடு நடுங்கியது.

டைரக்டருக்குப் பகீரென்றது. அது இடைவெளி இல்லை. மனுஷனுக்கு வசனம் மறந்துவிட்டது!

அந்த நொடியில் நாயகியின் குரல்: "ஐயோ, சாரி! நான் முந்திட்டேன்!"

"இதுக்கு முன்னாடி எடுத்த டேக்கைப் போடுங்க."

அதிலும் அப்படியே. அதற்கு முந்தினதிலும் அப்படியே. ஒவ்வொரு முறையும் பெரியவர் தடுமாறிய பிறகுதான் அவள் 'சொதப்பி'யிருந்தாள்.

பெரிய நோயில் படுத்து எழுந்து வந்தவர். மறதி என்று வெளியே தெரிந்தால் இனி யார் கூப்பிடுவார்கள்? அந்தப் பழியைத்தான் இந்தப் பெண் சிரித்துக்கொண்டே தன் தலையில் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

டைரக்டர் பெரியவரிடம் போனார். மைக் இல்லாமல், மெதுவாகச் சொன்னார்.

"ஐயா, ஒரு சின்ன மாத்தம். வீட்டை விக்கப்போற அப்பனுக்கு அந்த நேரத்துல பேச்சு வருமா? நீங்க பேசவே வேண்டாம். பொண்ணு முகத்தைப் பாருங்க, போதும்."

பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். "நெஜமாவா தம்பி? பேசவே வேண்டாமா?"

"வேண்டாங்கய்யா."

ஒரே டேக். பெரியவர் மகளின் முகத்தைப் பார்த்தார், சுவரைத் தடவினார், உடைந்து அழுதார். லைட் பிடித்தவர்கள்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நாயகி ஓடிவந்து பெரியவரைக் கட்டிக்கொண்டாள்.

தயாரிப்பாளர் மறுபடி கூப்பிட்டார். "என்ன, அந்தப் பொண்ணை மாத்திடலாமா?"

"வேண்டாம் சார். ரெண்டு பேரும் பிரமாதமா பண்ணியிருக்காங்க."

"அப்ப காலையிலேருந்து அத்தனை டேக் யாராலய்யா வீணாச்சு?"

"என்னாலதான் சார்," என்றார் டைரக்டர். "எனக்குத்தான் அந்த சீன் பிடிபடாம இருந்துது."