அம்மாவுக்கு ஒரு ரூம்

"மேடம் மறுபடியும் டைல்ஸை மாத்திட்டாங்க சார்."

கான்ட்ராக்டர் போனில் இதைச் சொன்னதும் அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆபீஸ் என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு, "எந்த டைல்ஸை?" என்றான்.

"பாத்ரூம்துதான். சாம்பல் வேணாம்னு நீலம் சொன்னாங்க. இப்ப நீலமும் வேணாமாம். புதுசு வந்து இறங்க இன்னும் ஒரு மாசம் ஆகும்."

இந்தக் கான்ட்ராக்டருக்கு அவன் வைத்திருந்த பெயர் 'நாளைக்கு'. எப்போது கேட்டாலும் அதைத்தான் சொல்வார். பிளம்பருக்கு முதுகுவலி, நாளைக்கு. சரக்குக் கப்பல் துறைமுகத்திலேயே நிற்கிறது, நாளைக்கு. வெளிநாட்டில் நம்ம பாஷை பேசுகிற ஆளாக இருக்கட்டும் என்று தேடிப் பிடித்து அவன்தான் வேலையைக் கொடுத்தான். பாஷையோடு மற்றதும் சேர்ந்தே வந்தது.

வேலை ஒன்றும் மலையைப் புரட்டுவதில்லை. கீழே சாமான் போட்டு வைத்திருந்த ரூமை அம்மாவுக்குப் படுக்கையறையாக்கி, பக்கத்தில் ஒரு பாத்ரூம் கட்ட வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி, மாடி ஏற முடியாது. அப்பா போனதிலிருந்து ஊரில் தனியாகக் கிடக்கிறாள். போன வருஷம் வழுக்கி விழுந்து, யாரோ அக்கம்பக்கத்தார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்களாம். அன்றிலிருந்து அவனுக்கு ஒழுங்கான தூக்கமே கிடையாது. ரூம் முடிந்த மறுநாளே டிக்கெட் போடுவது என்று முடிவு செய்து வைத்திருந்தான்.

ரூம்தான் முடிகிற வழியாக இல்லை. பிளாஸ்டிக் சுற்றிய கமோட் ஒன்று ஹாலில் குடிவந்து, வீட்டு ஆள் மாதிரியே ஆகிவிட்டது. சாவி, கண்ணாடி வைக்க வசதியாகத்தான் இருந்தது.

இத்தனை நாள் பழியெல்லாம் 'நாளைக்கு' தலையில் விழுந்தது. இன்றைக்குத்தான் அவனுக்குப் பொறி தட்டியது. மாமியார் வந்துவிடக் கூடாது என்று மருமகள் ஆடுகிற ஆட்டமா இது?

வழக்கத்தைவிடச் சீக்கிரமே வீட்டுக்கு வந்தான். செருப்பைக் கழற்றும்போதே சமையலறையில் மனைவி போனில் பேசுவது கேட்டது.

"டைல்ஸை வச்சு இன்னும் ஒரு மாசம்தாங்க தாங்கும். அடுத்து கதவு அளவு தப்பாயிடுச்சுன்னு சொல்லிடுங்களேன். நான் சொன்னேன்னு மட்டும் அவர்கிட்ட சொல்லிடாதீங்க."

கையும் களவுமாக!

"நல்லா இருக்கு" என்றான் அவன். "ரொம்ப நல்லா இருக்கு."

அவள் திடுக்கிட்டுப் போனை வைத்தாள். "ஏங்க, நீங்க நினைக்கிற மாதிரி இல்லை."

"எங்கம்மா வந்து ஒரு மூலையில இருக்கறது உனக்கு அவ்வளவு பாரமா? அந்த மனுஷனை நான் என்னென்ன திட்டு திட்டியிருக்கேன்!"

"அத்தை வர்றதுல எனக்கு ஒண்ணும் இல்லைங்க."

"பின்னே?"

அவள் திரும்பி அடுப்பைத் தணித்தாள்.

"சரி, அம்மாகிட்டயே சொல்றேன். மருமக லட்சணம் அவளுக்கும் தெரியட்டும்."

"வேணாங்க. அத்தைக்குக் கஷ்டமா போயிடும்."

"ஆஹா, இப்ப மட்டும் அக்கறை பொங்கி வழியுது!"

வீடியோ காலைப் போட்டான். இங்கே சாயங்காலம் என்றால் அங்கே மத்தியானம். நீண்ட நேரம் அடித்த பிறகுதான் அம்மா எடுத்தாள். பாதி முகம்தான் தெரிந்தது.

"என்னடா? கொஞ்சம் வேலையா இருக்கேன். அப்புறமா கூப்பிடறியா?"

மத்தியானத்தில் கூப்பிட்டால் அம்மா எப்போதும் இதையேதான் சொல்வாள். அழுதுகொண்டிருப்பதை மறைக்கிறாள் என்று அவனாகவே நினைத்து, இங்கே அவன் கண் கலங்கியிருக்கிறான்.

"உன் ரூம் ஏன் முடியலைன்னு தெரியுமாம்மா? எல்லாம் உன் மருமக வேலை. நீ வரக் கூடாதுன்னு வேணும்னே தள்ளிப் போடறா. என் காதாலயே கேட்டேன்."

அம்மாவின் முகம் சுண்டிப் போனது. "அவளைத் திட்டினியா?"

"திட்டாம, கொஞ்சுவாங்களா?"

"ஐயையோ! அவளை ஒண்ணும் சொல்லாதடா. தள்ளிப் போடச் சொன்னதே நான்தான்."

அவன் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். அவள் கமோடைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மாவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "அக்கா, சீட்டு போட்டாச்சு. சீக்கிரம் வாங்க!"

போன் கொஞ்சம் சாய்ந்தது. சாப்பாட்டு மேஜையைச் சுற்றி மூன்று பெண்கள், கையில் சீட்டை விரித்துப் பிடித்தபடி. அதில் ஒருத்தி அவனுக்குக் கையசைத்தாள்.

"நீ சீட்டு ஆடறியாம்மா?"

"தினம் மத்தியானம் ரம்மிடா. நான் வந்துட்டா இங்க ஒரு கை குறையும்." அம்மா குரலைத் தாழ்த்தினாள். "அன்னைக்கு விழுந்தப்ப என்னைத் தூக்கிட்டுப் போனதும் இவங்க மூணு பேர்தான். நீயோ ஆசை ஆசையா ரூம் கட்டறே. மாட்டேன்னு உன்கிட்ட சொல்ல மனசு வரலை. உன் பொண்டாட்டிகிட்டதான் அழுதேன். 'நான் பார்த்துக்கறேன் அத்தை, என்மேல பழி வந்தா வரட்டும்'னா."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாம்மா?"

"எங்கடா சொல்ல விட்டே? கைப்பிடி எந்தப் பக்கம் வேணும்னு கேட்டே. கமோட் எவ்வளவு உயரம் வேணும்னு கேட்டே. டைல்ஸ் நிறம்கூடக் கேட்டே."

அம்மா மேஜையிலிருந்த தன் சீட்டுகளைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"'வர்றியாம்மா'ன்னு மட்டும் கேக்கவே இல்லையே!"