முந்திக்கொண்ட துண்டு

காலில்லாமல் எல்லாருக்கும் முன்னால் பேருந்தில் ஏறும். உடம்பில்லாமல் இரண்டு பேர் இடத்தைப் பிடிக்கும். அது என்ன, சொல்லுங்கள் பார்ப்போம்?

ஜன்னல் வழியாக எறியப்பட்ட துண்டுதான். அன்றைக்கும் அது இருவர் இருக்கையில் நீட்டிப் படுத்துக்கொண்டது.

நிறைமாதக்காரி ஒருத்தி ஏறி வந்தாள். “இது யாரோடது?” என்று கேட்டாள். எல்லாரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். துண்டு கிடக்கும் இடத்தில் உட்காருவது அந்தப் பக்கத்தில் வழக்கமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“கொஞ்சம் சுருண்டுக்கோயேன், பாவம், அந்தப் பொண்ணு உட்காரட்டும்” என்றது இருக்கை.

“எங்க ஆளு டீ குடிக்கிறாரு. அவர் வர்ற வரைக்கும் நான்தான் அவரு” என்றது துண்டு.

“அவரா இருந்தா எழுந்து இடம் கொடேன்.”

வேர்வை துடைக்க வாங்கிய துண்டு அது. பக்கத்தில் ஒரு முகம் வேர்த்து வழிவது அதற்கு நன்றாகவே தெரிந்தது. ஆனாலும் அசையவில்லை.

வண்டி புறப்படும் நேரத்தில் துண்டின் சொந்தக்காரர் தன் மகள் குயிலியோடு ஏறினார்.

“துண்டு போட்டிருக்குல்ல, தள்ளி நில்லும்மா” என்று அந்தப் பெண்ணை இடித்துக்கொண்டு போய் ஜன்னலோரம் உட்கார்ந்தார். “வா கண்ணு, உனக்கும் சேர்த்துத்தான் பிடிச்சேன்.”

குயிலி தன்மேல் உட்காரப் போகிறாள் என்று துண்டு காத்திருந்தது.

குயிலி துண்டை எடுத்து, முகம் துடைக்க அந்த அக்காவிடம் கொடுத்தாள். அவளை உட்காரச் சொன்னாள். ஊர் வரும்வரை தான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.