இரண்டு மோதிரங்கள் கரையும் வேகம்

கல்யாணமான இரண்டே ஆண்டில் தணிகைவேலின் மோதிரம் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தது. மேகலாவின் மோதிரமோ கால் பங்குதான் தேய்ந்திருந்தது. காரணம் அவளுக்குப் பிடிபடவில்லை.

திருமணப் பதிவு மோதிரம் வியர்வை பட்டு ஏழு ஆண்டில் கரைந்துபோகும் உலோகக் கலவை. இரண்டும் ஒரே மாதத்தில் கரைந்தால்தான் பதிவைப் புதுப்பிப்பார்கள். ஒன்று முந்திக்கொண்டால் கல்யாணம் ரத்து. ஓசூர் ஆலையில் அந்தக் கலவை கரையும் வேகத்தை அளப்பதே மேகலாவின் வேலை.

“கழட்டி வச்சா தேயாது. நான் கழட்டறதே இல்ல. பாசம் ஜாஸ்தி, வேற என்ன?” என்றான் தணிகைவேல்.

“பாசத்துக்கு எங்ககிட்ட மீட்டர் இல்ல. நீ போய் விளக்கத் தேய்.”

வெள்ளிக்கிழமைதோறும் குத்துவிளக்குகளைத் தேய்ப்பது அவன்தான். புளியை உருட்டி அழுத்தித் தேய்த்தான், மோதிரத்தோடு. மேகலா பார்த்துக்கொண்டே நின்றாள். அமிலம் பட்டால் கரையும் வேகம் கூடும்.

மறுநாள் ஆலையில் ஒரு கலவைத் துண்டைப் புளித்தண்ணீரில் போட்டு அளந்தாள். ஒருமுறை விளக்குத் தேய்த்தால், ஒரு வார வியர்வை அளவுக்குக் கூடுதலாகக் கரைந்தது.

அடுத்த நூற்று நான்கு வெள்ளிக்கிழமைகள் தணிகைவேல் புளியைத் தொடவில்லை. மேகலாவே மோதிரத்தோடு விளக்குத் தேய்த்தாள். இரண்டு மோதிரங்களும் ஒரே கனத்துக்கு வந்தன.