கூடம் காலி

"இந்த சோபாவை நீ எடுத்துக்க அம்மிணி. கபாடிவாலாகிட்டப் போட மனசு வரல" என்றாள் அருக்காணி.

லீலாவதி திகைத்து நின்றாள். டெல்லி கிட்வாய் நகரில் அந்த வரிசையிலேயே சோபா இருந்த வீடு அருக்காணியின் வீடு ஒன்றுதான். காலையிலிருந்து கீழ் வீட்டில் என்ன கடமுடா சத்தம் என்று பார்க்கத்தான் அவள் மாடியிலிருந்து இறங்கி வந்திருந்தாள்.

வாசலில் பழைய சாமான்காரனின் தள்ளுவண்டி. அதில் டீப்பாய், இரண்டு பிரம்பு மோடா, பொம்மைகள் வைக்கும் கண்ணாடி அலமாரி, செருப்பு ஸ்டாண்டு, படியில் வரிசையாக இருந்த பூந்தொட்டிகள் எல்லாம் ஏறியிருந்தன.

"பஹன்ஜி, யே பீ?" என்று அவன் கூடத்து மூலையில் கிடந்த மடக்குக் கட்டிலைக் காட்டினான்.

"ஹாங், லே ஜாவ்" என்று எடுத்துப் போகச் சொன்னாள் அருக்காணி, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

"என்னக்கா இது? சாருக்கு டிரான்ஸ்பரா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. வியாழக்கிழமை எங்க வேணு வர்றான்."

"மகன் வர்றான்னா வீட்டை அலங்காரம் பண்ணுவாங்க. நீங்க காலி பண்றீங்க?"

"அவன் இந்த வீட்டுக்குள்ள ராசா மாதிரி நடக்கோணும். குறுக்கே ஒரு சாமான் இருக்கப்படாது."

லீலாவதிக்குச் சுருக்கென்றது. வேணு பட்டாளத்துக்காரன். போன டிசம்பரில் நடந்த பாகிஸ்தான் சண்டையில் ஏதோ காயம் பட்டு ஆஸ்பத்திரியில் இருந்தான். பிறகு டேராடூனில் பயிற்சி என்று சொன்னார்கள். டேராடூன் என்றால் ஆபீசராக்கி அனுப்புகிற ஊர் என்று காலனியில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். அந்த நம்பிக்கையில்தான் அவள் தன் தங்கை இந்திராணியின் ஜாதகத்தை அருக்காணியிடம் கொடுத்து வைத்திருந்தாள். நாலு மாதம் ஆகிறது. ஆகும் என்றும் இல்லை, ஆகாது என்றும் இல்லை.

இப்போதுதான் விஷயம் விளங்கியது. எங்கோ பெரிய இடத்தில் பெண் முடிவாகிவிட்டது. புதுச் சீர் வந்து இறங்க இடம் வேண்டும் அல்லவா?

கூடத்தில் அருக்காணியின் கணவர் தட்சிணாமூர்த்தி தரையில் மண்டியிட்டிருந்தார். ஆபீசுக்கு லீவு போட்டிருக்கிறார். மிச்சமிருந்த ஒரே நாற்காலியின் நாலு கால்களையும் சுற்றி சாக்பீஸால் வட்டம் போட்டார்.

"வாசப்படியில இருந்து இதுக்கு ஒன்பது அடி. இனிமே இதை யாரும் நகர்த்தப்படாது" என்றார்.

அளவு வேறு எடுக்கிறார்கள். லீலாவதியால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"பொண்ணு வீட்டுல என்னென்ன தர்றாங்கக்கா?"

"எந்தப் பொண்ணு வீடு?"

"புதுசு வரப்போய்த்தானே பழசைத் தள்றீங்க? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எங்க இந்திராணி ஜாதகத்தை அப்பவே வாங்கிட்டுப் போயிருப்பேன்."

தட்சிணாமூர்த்தி சட்டென்று தலையைத் தூக்கினார். அருக்காணி அவரைப் பார்வையாலேயே அடக்கினாள்.

"ஜாதகம் சாமி படத்துக்கிட்ட பத்திரமா இருக்குது அம்மிணி. வேணு வரட்டும். அவனைப் பார்த்துட்டு நீயே சொல்லு, அது இங்கே இருக்கட்டுமா, வாங்கிட்டுப் போறியான்னு."

என்ன மிடுக்கு. லீலாவதிக்கு முகம் சிவந்தது.

"சோபா வேண்டாங்கக்கா. எங்க வீட்டுல இடமில்ல" என்று சொல்லிவிட்டு மாடியேறினாள்.

வியாழக்கிழமை காலை டாக்சி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. லீலாவதி பால்கனிப் பக்கமே போகவில்லை. மத்தியானம் வரை வீம்பாக இருந்தாள். அதற்கப்புறம் முடியவில்லை. வெறுங்கையோடு போக வேண்டாமே என்று ஒரு கிண்ணத்தில் கேசரியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

கதவு விரியத் திறந்திருந்தது. கூடம் மைதானம் போல் கிடந்தது. தட்சிணாமூர்த்தி சுவரோரமாக நின்றிருந்தார், குடியரசு தின அணிவகுப்பு பார்க்க வந்தவரைப் போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

சமையலறையிலிருந்து வேணு வந்தான். சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி, கையில் காபி டம்ளர். முதுகு வளையாமல் அளந்து வைத்த நடை. கூடத்தை நேராகக் கடந்து, நாற்காலிக்கு முன்னால் திரும்பி, ஒரு சொட்டுச் சிந்தாமல் உட்கார்ந்தான்.

கோபத்தையும் மீறி லீலாவதிக்குப் பெருமையாக இருந்தது. ஆபீசர் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும். வாசல்படி தாண்டி நாலடி உள்ளே வந்து, அவனைப் பார்த்து மனசாரச் சிரித்தாள்.

அவன் சிரிக்கவில்லை. முகம் அவள் பக்கம்தான் இருந்தது. தலையைக்கூட அசைக்காமல் காபியைக் குடித்தான்.

லீலாவதிக்கு ரத்தம் கொதித்தது. இத்தனை வருஷமாகத் தன் கையால் எத்தனை முறை சாப்பிட்டிருப்பான்? பதவி வந்ததும் பழைய முகம் மறந்துவிடுமா? வந்த வழியே போய்விடலாம் என்று திரும்பியபோது கை வளையல் கிண்ணத்தில் பட்டுச் சிணுங்கியது.

"அம்மா, யாரோ வந்திருக்காங்க போல. யாரு?" என்று வேணு உள்பக்கமாகக் குரல் கொடுத்தான்.

அருக்காணி வந்தாள். கண் கலங்கவில்லை, குரல் தாழவில்லை.

"மேல் வீட்டு லீலா அக்காடா" என்று மகனிடம் சொல்லிவிட்டு, லீலாவதியிடம் திரும்பினாள். "டிசம்பர்ல கண்ணிவெடி வெடிச்சு ரெண்டு கண்ணுலயும் பார்வை போயிருச்சு அம்மிணி. டேராடூன்ல பார்வையில்லாதவங்களுக்கான பள்ளிக்கூடத்துலதான் பயிற்சி. ஆனா பாரு, காலையில இருந்து எம்மகன் ஒருத்தர் கையையும் புடிக்கல, ஓரிடத்துலயும் இடிச்சுக்கல."