இன்னும் பிறக்காதவரின் கருத்து

நகரத்தின் ஐம்பதாண்டு இலக்குகளை வகுக்க, பிறக்கப்போகும் குழந்தைகளிடமும் கருத்துக் கேட்டார்கள். ஐந்தாம் மாதத்தில் ஜெசிந்தாவின் வயிற்றில் பட்டை கட்டி, உள்ளிருந்த குழந்தையின் பதிலைப் பதிந்துகொண்டு போனார்கள். ஏழாம் மாதம் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோனது.

அந்தப் பதிலை நீக்க நகராட்சி எழுத்தர் படிவத்தோடு வந்திருந்தார்.

"இதுல ஒரு கையெழுத்து போடுங்கம்மா."

"பிள்ள என்ன சொல்லிச்சு சார்?"

எழுத்தர் படிவத்தைப் பார்த்துச் சொன்னார். "கடல் எவ்வளவு கிட்ட வந்தாலும் இந்தத் தெருவக் காலி பண்ண வேண்டாம்னு."

அதே கேள்விக்கு, காலி செய்துவிடலாம் என்றுதான் ஜெசிந்தாவும் கணவனும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். பிறக்கப்போகும் பிள்ளையை நினைத்துத்தான் அப்படி எழுதினார்கள்.

அவள் கையெழுத்துப் போட்டாள். படிவத்தை உடனே திருப்பிக் கொடுக்கவில்லை.

"எங்க பதில மாத்தணும் சார். அதுக்கு என்ன படிவம்?"